அப்டேட் பாதியில் நின்றுவிட்டதா? பவர் பட்டனைத் தொடுவதற்கு முன்

புதன்கிழமை காலையில் என் கைப்பேசி ஒலித்தால், எடுப்பதற்கு முன்பே பாதி விஷயம் தெரிந்துவிடும். மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை விண்டோஸ் அப்டேட்டை வெளியிடுகிறது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் அப்போது காலை 10 மணி. கோலாலம்பூரில் நமக்குப் புதன் விடியற்காலை 1 மணி. அங்கே குளிர்காலமென்றால் 2 மணி. நாம் தூங்கும்போது அது கணினிக்குள் இறங்கிவிடுகிறது. பசியாறிவிட்டு வேலைக்கு உட்காரும் நேரத்தில் ரீஸ்டார்ட் கேட்கிறது. சரி என்று அழுத்துகிறோம். புள்ளிகள் சுற்றுகின்றன, 30% என்று வருகிறது. அரை மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் அதே 30%.

செந்தூலில் எங்கள் அடுக்குமாடியின் நான்காவது மாடியில் ஓர் அக்கா இருக்கிறார். வீட்டிலேயே சமைத்து விருந்துகளுக்குச் சாப்பாடு அனுப்புகிறவர். யார் எவ்வளவு ஆர்டர் கொடுத்தார்கள், யார் பாக்கி வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் ஒரே ஒரு பழைய லேப்டாப்பில்தான் இருக்கிறது. தீபாவளி நெருங்கிய ஒரு புதன்கிழமை அவர் கூப்பிட்டார்.

"தம்பி, லேப்டாப் அப்படியே நின்னுபோச்சு. ஒரு மணி நேரமா 30 பர்சென்ட்தான் காட்டுது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணவா?"

"வேணாங்க்கா. கை வைக்காதீங்க. இதோ வரேன்."

போய்ப் பார்த்தால், அந்த லேப்டாப் நிற்கவில்லை. மெதுவாக வேலை செய்துகொண்டிருந்தது. எனக்கு வரும் அழைப்புகளில் பல இப்படித்தான். உண்மையாகவே உறைந்துபோன கணினியைச் சரிசெய்ய ஆகும் நேரத்தைவிட, ஓடிக்கொண்டிருந்ததை அவசரப்பட்டு அணைத்ததால் கெட்டுப்போனதைச் சரிசெய்யத்தான் எனக்கு அதிக நேரம் ஆகியிருக்கிறது. அதனால் முதலில் உயிர் இருக்கிறதா என்று பார்ப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஏன் ஒரே எண்ணில் நிற்கிறது

குடியிருந்துகொண்டே வீட்டுக்குச் சாயம் பூசலாம். தூணை மாற்றுவதென்றால் எல்லாரையும் வெளியே அனுப்பித்தான் ஆக வேண்டும். விண்டோஸும் அப்படித்தான். அப்டேட்டை இறக்குவது, பிரித்து வைப்பது எல்லாம் நீங்கள் வேலை பார்க்கும்போதே பின்னால் நடந்துவிடும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் ஃபைல்களை மாற்ற முடியாது. ரீஸ்டார்ட் கேட்டு, உங்களை வெளியே நிறுத்திவிட்டு, அவற்றை ஒவ்வொன்றாக மாற்றுகிறது. திரையில் தெரியும் சதவீதம் நேரத்தைக் காட்டும் கணக்கல்ல. முடிந்த வேலைகளின் கணக்கு. ஒரு வேலை பெரியதாக இருந்தால் எண் நகராது, உள்ளே ஆயிரக்கணக்கான ஃபைல்கள் நகர்ந்துகொண்டே இருந்தாலும்.

கணினிக்குள் இருப்பது பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கா, சுழலும் பாகமே இல்லாத வேகமான எஸ்எஸ்டியா என்பதைப் பொறுத்தே நேரம் மாறும். எஸ்எஸ்டியில் இருபது நிமிடத்தில் முடியும் மாதாந்திர அப்டேட், பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஒரு மணி நேரத்தைத் தாண்டுவது சாதாரணம். வருடத்துக்கு ஒருமுறை வரும் பெரிய அப்டேட், அல்லது விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மாறும் அப்டேட் என்றால் இன்னும் அதிகம்; நடுவில் பல தடவை தானே அணைந்து எரியும். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டதால், பழைய லேப்டாப்பில் 11-ஐ ஏற்றுகிறவர்கள் இப்போது அதிகம். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம் ஆகியவை குறைந்தபட்சத் தேவை. இவை இல்லாத கணினியில் குறுக்கு வழியில் ஏற்றினால் பாதியில் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு கூடும். அதை நான் யாருக்கும் செய்துகொடுப்பதில்லை.

உயிர் இருக்கிறதா என்று பாருங்கள்

முதல் வேலை: கைப்பேசியை எடுத்துத் திரையைப் படம் பிடியுங்கள். எந்த எண், எந்த வாசகம், எத்தனை மணி என்று மூன்றும் அந்தப் படத்தோடு வந்துவிடும். பதற்றத்தில் இருக்கும்போது பத்து நிமிடம் ஒரு மணி நேரமாகத் தெரியும். அக்கா "ஒரு மணி நேரமா" என்று சொன்னாரே, அவர் மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பார்த்தால் முப்பத்தைந்து நிமிடம்தான் ஆகியிருந்தது.

அடுத்து, சார்ஜர் செருகியிருக்கிறதா, சுவரில் சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். செருகிவிட்டுச் சுவிட்ச் போட மறந்த வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இப்போது லேப்டாப்பின் முன் விளிம்பிலோ பக்கவாட்டிலோ சின்ன விளக்குகளைத் தேடுங்கள். ஒன்று பவர், ஒன்று பேட்டரி. இன்னொன்றின் பக்கத்தில் சின்ன டின் போன்ற உருளைப் படம் இருக்கும். அதுதான் டிஸ்க் விளக்கு. அக்காவின் லேப்டாப்பில் அது வலது ஓரத்தில், மாவு படிந்து மறைந்திருந்தது. துணியால் துடைத்துவிட்டு அறை விளக்கை அணைத்தேன். இரண்டு மூன்று துடிப்பு, ஒரு நிறுத்தம், மறுபடி நாலைந்து துடிப்பு. ஒழுங்கில்லாமல் இப்படித் துடித்தால் டிஸ்க் வேலை செய்கிறது என்று பொருள். கீபோர்டுக்குக் கீழே உள்ளங்கை வைக்கும் இடத்தில் காதை வைத்துக் கேட்டால், பழைய ஹார்ட் டிஸ்க்கில் மெல்லிய கரகரப்பும் கேட்கும். புதிய லேப்டாப்புகள் பலவற்றில் இந்த விளக்கே கிடையாது. அங்கே விசிறிச் சத்தமும் அடிப்பாகத்தின் சூடும்தான் துணை.

கேப்ஸ் லாக் விசையை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கணினி விழித்திருக்கிறது. எரியாவிட்டால் உடனே செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். அப்டேட்டின் சில கட்டங்களில் கீபோர்டுக்குப் பதில் கிடைக்காது. எல்லா அடையாளங்களையும் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். திரை முழுக்கக் கறுப்பாக இருந்தால், விண்டோஸ் விசை, கண்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். திரையை இயக்கும் மென்பொருள் மட்டும் மறுபடி தொடங்கும். சில வேளை படம் வந்துவிடும்.

எவ்வளவு நேரம் காத்திருப்பது

என் கணக்கு இது. விளக்கு துடித்துக்கொண்டே இருந்தால், எத்தனை மணி நேரமானாலும் தொடாதீர்கள். விளக்கும் சத்தமும் இல்லை, எண்ணும் நகரவில்லை என்றால், எஸ்எஸ்டி உள்ள கணினிக்கு இரண்டு மணி நேரம், ஹார்ட் டிஸ்க் உள்ளதற்கு நான்கு மணி நேரம். இரவாகிவிட்டால் சார்ஜரோடு விட்டுவிட்டுப் படுத்துவிடுங்கள். அவசர வேலை இருந்தால் கைப்பேசியிலோ பக்கத்து வீட்டுக் கணினியிலோ முடித்துக்கொள்ளுங்கள். அக்காவின் லேப்டாப்புக்கு மொத்தம் ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆனது. 30-லேயே நின்றிருந்த எண், நாங்கள் தேநீர் குடித்து முடிப்பதற்குள் ஒரே தாவலில் 61 ஆனது.

மாற்றங்களைத் திரும்பப் பெறுவதாகத் திரை சொன்னால் இன்னும் கவனம் வேண்டும். அப்டேட் ஏதோ காரணத்தால் சரிவரவில்லை, விண்டோஸ் பழைய நிலைக்குத் தானே திரும்பிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த நேரத்தில் மின்சாரத்தை நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

நிஜமாகவே உறைந்திருந்தால்

எதையும் அழிக்காத வழியிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொன்றாகச் செய்யுங்கள்.

1. கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். அபூர்வமாக நேராக லாகின் திரை வந்துவிடும்.

2. பென்டிரைவ், பிரிண்டர், வெளி ஹார்ட் டிஸ்க், மெமரி கார்டு எல்லாவற்றையும் கழற்றுங்கள். செருகியிருக்கும் ஏதோ ஒன்றுக்காக அப்டேட் காத்துக்கிடப்பதுண்டு. கழற்றிவிட்டுப் பதினைந்து நிமிடம் பாருங்கள்.

3. அதற்கும் அசையவில்லை என்றால் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். முழுதாக அணைந்ததும் ஒரு நிமிடம் விட்டுவிட்டு மறுபடி போடுங்கள். அப்டேட்டைத் தொடரலாம், பழைய நிலைக்குத் திரும்பலாம், எதுவும் நடக்காததுபோல் லாகின் திரைக்கும் வரலாம். மூன்றுமே நல்ல செய்திதான்.

மறுபடி அதே இடத்தில் வந்து நின்றால், அல்லது தானே அணைந்து அணைந்து எரிந்தால், விண்டோஸின் பழுதுபார்க்கும் திரைக்குப் போக வேண்டும். எங்கள் தாமானில் எஸ்பிஎம் தேர்வு எழுதவிருந்த ஒரு மாணவரின் மேசைக் கணினிக்கு இதுதான் நடந்தது. சாயங்காலம் நாலரை மணி, பெரிய இடி, மின்கசிவு என்றால் மின்சாரத்தைத் துண்டிக்கும் வீட்டு இஎல்சிபி சுவிட்ச் டிரிப் ஆகிவிட்டது. அப்டேட் பாதியில். மின்சாரம் வந்த பிறகு லோகோ வருவதும் போவதுமாக ஒரே சுழற்சி. பையனின் அம்மா கண்ணில் நீரோடு நின்றார். அவன் தயாரித்த குறிப்புகள் எல்லாம் அதில்தான்.

பழுதுபார்க்கும் திரையை வரவழைப்பது இப்படி: கணினியைப் போடுங்கள். லோகோ தெரிந்ததும் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தி அணையுங்கள். இன்னொரு முறையும் அப்படியே. மூன்றாம் முறை போட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். தொடங்க முடியவில்லை என்பதை விண்டோஸ் புரிந்துகொண்டு ஆட்டோமேட்டிக் ரிப்பேர் திரையைக் கொண்டுவரும். அதில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், பிறகு டிரபிள்ஷூட், மறுபடி அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்.

இங்கே 48 இலக்க எண் ஒன்றைக் கேட்டுத் திரை நின்றால் பயப்பட வேண்டாம். அது பிட்லாக்கர். டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறது, சாவி கேட்கிறது. நீங்கள் பூட்டியதாக நினைவில்லாமலே இருக்கலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைத்த புதிய லேப்டாப்புகள் பலவற்றில் அது தானாகவே பூட்டிக்கொள்ளும். சாவியும் பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே இருக்கும். கைப்பேசியில் அதே மின்னஞ்சலால் மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் நுழைந்து, டிவைசஸ் பகுதியில் ரெக்கவரி கீ என்று தேடுங்கள். ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதிகள். ஒன்றுக்கு மேற்பட்ட சாவிகள் தெரிந்தால், கணினித் திரையில் காட்டும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்துகளோடு ஒத்துப்போவதைத் தேர்ந்தெடுங்கள். அலுவலக லேப்டாப் என்றால் அலுவலகத்து ஐடி பிரிவிடம்தான் கேட்க வேண்டும். இந்தச் சாவி இல்லாமல் யாரும், எவ்வளவு காசு வாங்கினாலும், அந்த டிஸ்க்கைத் திறக்க முடியாது. திறந்து தருகிறேன் என்று சொல்கிறவரை நம்பாதீர்கள்.

உள்ளே வந்ததும் முதலில் ஸ்டார்ட்அப் ரிப்பேர். அரை மணி நேரம் கொடுங்கள். அது சரிவராவிட்டால் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். அதில் இரண்டு வகை: குவாலிட்டி அப்டேட் என்பது மாதாமாதம் வருவது, ஃபீச்சர் அப்டேட் என்பது பெரியது. எது ஓடிக்கொண்டிருந்தபோது மாட்டியதோ அதை நீக்குங்கள். உங்கள் ஃபைல்களை இது தொடாது. அந்த மாணவரின் கணினி இந்த இடத்தில்தான் மீண்டது. குவாலிட்டி அப்டேட்டை நீக்கிப் பத்து நிமிடத்தில் பழைய டெஸ்க்டாப் வந்து நின்றது. பையன் எதுவும் பேசவில்லை, பென்டிரைவைத் தேடி ஓடினான். சரியான வேலை.

அப்படியும் வராவிட்டால் சிஸ்டம் ரிஸ்டோர் இருக்கிறது. முன்பு ஒரு ரிஸ்டோர் பாயிண்ட், அதாவது விண்டோஸ் தன் அன்றைய நிலையைப் பதிந்து வைத்த பதிவு, உருவாகியிருந்தால் அந்த நாளுக்குத் திரும்பும். ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வழியாக ரீஸ்டார்ட் செய்து எண் 4-ஐ அழுத்தினால், அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடில் திறக்கும்; அதில் திறந்தால் முதலில் ஃபைல்களை எடுத்துக்கொள்ளுங்கள். ரீசெட் என்ற பொத்தானை மட்டும் கடைசிக்கு வையுங்கள். ஃபைல்களை வைத்துக்கொள்கிறேன் என்று தேர்ந்தெடுத்தாலும், நீங்கள் நிறுவிய மென்பொருள்கள் போய்விடும்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு: காத்திருக்கும் கணக்கு அதேதான். அணைத்துப் போட்டும் வரவில்லை என்றால், ஆப்பிள் சிலிக்கான், அதாவது ஆப்பிளின் சொந்தச் சில்லு உள்ள மேக்கில் பவர் பட்டனை விடாமல் பிடித்தால் ரெக்கவரி வாய்ப்புகள் வரும். இன்டெல் மேக்கில் போட்டவுடன் கமாண்ட், ஆர் இரண்டையும் பிடிக்க வேண்டும். மேக்ஓஎஸ்ஸை மறுபடி நிறுவுவது சாதாரணமாக உங்கள் ஃபைல்களை அழிக்காது.

கணினி திறந்துவிட்டது, அப்புறம்?

அதே அப்டேட் மறுபடி வரும். காரணத்தை நீக்காவிட்டால் மறுபடியும் மாட்டும்.

முதல் சந்தேகம் இடம். பெரிய அப்டேட்டுக்கு சி டிரைவில் குறைந்தது 20 ஜிபி காலியாக இருக்கட்டும். படம்பிடித்து வைத்த பிழை எண் 80070070 என்று முடிந்தால் சந்தேகமே வேண்டாம், இடம் போதவில்லை. அக்காவின் லேப்டாப் அவ்வளவு தாமதமானதற்கும் இதுதான் ஒரு காரணம்: வாட்ஸ்அப்பிலிருந்து இறங்கிய கல்யாண வீடியோக்களால் சி டிரைவ் விளிம்புவரை நிரம்பியிருந்தது. வெளி டிஸ்க்குக்கு மாற்றினோம். அடுத்த சந்தேகம் கடிகாரம். கணினியின் தேதி தப்பாக இருந்தால் அப்டேட் சர்வரோடு பேச்சே நடக்காது.

இரண்டும் சரி என்றால், பாதியில் இறங்கிக் கெட்டுப்போன துண்டுகளைத் துடைத்தெடுக்க வேண்டும். தேடல் பெட்டியில் சர்வீசஸ் என்று ஆங்கிலத்தில் தட்டித் திறந்து, விண்டோஸ் அப்டேட், பேக்ரவுண்ட் இன்டெலிஜென்ட் டிரான்ஸ்ஃபர் என்ற இரண்டு சர்வீஸ்களையும் நிறுத்துங்கள். பிறகு சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டர், அதற்குள் சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன், அதற்குள் டவுன்லோட். உள்ளே இருப்பதை எல்லாம் அழிக்கலாம்; உங்களுடைய ஃபைல் எதுவும் அங்கே இல்லை. சர்வீஸ்களை மறுபடி ஓடவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் அப்டேட் புதிதாக இறங்கும்.

விண்டோஸின் சொந்த ஃபைல்களே கெட்டிருக்கின்றனவா என்று பார்க்க ஒரு கட்டளை உண்டு. தொலைபேசியில் நான் சொல்லும் முறையிலேயே சொல்கிறேன். கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறங்கள். எஸ், எஃப், சி என்று மூன்று ஆங்கில எழுத்து. ஓர் இடைவெளி. கேள்விக்குறி இருக்கும் விசையில் உள்ள சாய்ந்த கோடு. அதை ஒட்டியே, இடைவெளி விடாமல், ஸ்கேன்நவ். என்டர். 100% வரும்வரை மூடாதீர்கள். விண்டோஸ் 11 வைத்திருப்பவர்களுக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது: செட்டிங்ஸில் சிஸ்டம், ரெக்கவரி என்று போனால், விண்டோஸ் அப்டேட்டைக் கொண்டே கோளாறைச் சரிசெய்யும் ரீஇன்ஸ்டால் பொத்தான் இருக்கும். ஃபைல், மென்பொருள், அமைப்புகள் எல்லாம் அப்படியே இருக்க, விண்டோஸை மட்டும் புதிதாக ஏற்றும். புதியவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

கடைக்குக் கொண்டுபோவதென்றால்

எல்லாம் செய்தும் திறக்காத கணினியோடு புக்கிட் பிந்தாங்கில் லோயட் பிளாசாவுக்கோ, பினாங்கில் இருந்தால் கொம்தார் பக்கமோ போகலாம். கடையில் கணினியை மேசைமேல் வைக்கும்போதே ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: "ஜாங்ஙான் ஃபார்மட் டுலு." முதலில் ஃபார்மட் செய்யாதே. ஃபைல்களை எடுத்துக் கொடுத்துவிட்டு மற்றதைப் பார் என்று தெளிவாகச் சொல்லி, ரசீதிலும் அப்படியே எழுதச் சொல்லுங்கள். பழுதுபார்ப்பவருக்கு ஃபார்மட் வேகமான வழி. அவர்மேல் தப்பில்லை, நீங்கள் கேட்கவில்லை என்றால் அவர் அதைத்தான் செய்வார். விண்டோஸை எத்தனை முறை வேண்டுமானாலும் ஏற்றலாம். அக்காவின் பாக்கிக் கணக்கை மறுபடி யாரும் எழுதித்தர முடியாது.

அடுத்த புதன்கிழமைக்கு முன்பு

மாலையில் வானம் இருட்டும்போது அப்டேட்டைத் தொடங்காதீர்கள். பருவமழை மாறும் ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை இடிமழை ஏறக்குறைய தினசரி வழக்கம். லேப்டாப்புக்குப் பேட்டரி இருக்கிறது. மேசைக் கணினிக்கு, மின்சாரம் போனாலும் சற்று நேரம் தாங்கும் ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கிவிடுங்கள். அவசர வேலை இருக்கும் வாரத்தில் செட்டிங்ஸில் அப்டேட்டை ஒரு வாரத்துக்குத் தள்ளிவைக்கலாம். தள்ளிவைக்கலாம் என்றுதான் சொல்கிறேன், நிறுத்திவைக்க அல்ல. பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதும் அதே அப்டேட்தான். ரீஸ்டார்ட்டை வெள்ளிக்கிழமை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தப்பினால் சரிசெய்ய இரண்டு நாள் கையில் இருக்கும்.

அந்த 48 இலக்க எண்ணை இன்றைக்கே எடுத்து வைத்துவிடுங்கள், கணினிக்குள் அல்ல, காகிதத்தில். அக்கா அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்து எழுதி, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள் இருக்கும் ஃபைலில் வைத்திருக்கிறார்.